பனிமலைக்குப் போகுமுன்

குளிர்காலம் தொடங்கிவிட்டால், தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "பனி பார்க்க எப்போது போகலாம்?" என்பதே அது. தென்னாட்டில் பிறந்த பெற்றோருக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கோ அது மலைமேல் முழங்கால் ஆழம் படிந்து கிடக்கும் வெண்மை. அதன்மேல் சறுக்க வேண்டும், மலைப்பாதையில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆசை நல்லதே. ஆனால் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் கம்பளி உடைகளைத் தேடுவதும், கிடைத்த வண்டியில் ஏறிச் செல்வதும் மலைப் பயணத்துக்கு உரிய ஏற்பாடு ஆகா. மலை தன் நியதிப்படி நடப்பது. நம் விடுமுறைப் பட்டியலை அது அறியாது. இவ்வுண்மையை விளக்க, உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் உள்ள ஔலி என்னும் மலைச்சரிவையும், அதன் அடியில் உள்ள ஜோஷிமட் என்னும் பழம்பதியையும் எடுத்துக்கொள்வோம். சறுக்குவதற்கும் நடப்பதற்கும் ஒருங்கே ஏற்ற இடம் அது. அவ்வழியே சென்றவர்கள் எவ்வாறு திட்டமிட்டார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தவறினார்கள் என்பதை அறிந்தால், நம் பயணத்துக்கும் அது வழிகாட்டும்.

யாத்திரிகர் வகுத்த முறை

ஜோஷிமட் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், அலகநந்தைப் பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்த ஊர். ஜோதிர்மடம் என்பதே அப்பெயரின் மூலம். 2024-ஆம் ஆண்டில் ஜோதிர்மட் என்னும் பெயரே அரசு முறையில் மீண்டும் ஏற்கப்பட்டது. ஆதிசங்கரர் நிறுவியதாகக் கொள்ளப்படும் நான்கு மடங்களுள் வடதிசை மடம் இங்கு உள்ளது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருப்பிரிதி இவ்வூரே என வைணவர் பலர் கொள்வர். இதற்கு அப்பால் உள்ள பதரியே திருவதரியாச்சிரமம். திருமங்கையாழ்வார் இவ்விரண்டு தலங்களையும் பாடியுள்ளார். ஆதலின் இம்மலைகளுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று.

முதுமை வந்து, கோல் ஊன்றித் தள்ளாடும் நாள் நேருமுன்பே வதரியை வணங்க வேண்டும் என்பது ஆழ்வார் பதிகத்தின் கருத்து. அதன் பக்திப் பொருள் பெரிது. அதனை ஒருபுறம் வைத்து நோக்கினாலும், மலைப் பயணத்தின் முதல் விதி அதில் அடங்கியிருக்கக் காண்கிறோம். போகும் இடத்தை எண்ணுமுன், போகும் உடலை எண்ண வேண்டும் என்பதே அவ்விதி.

மோட்டார்ச் சாலை இல்லாத காலத்தில் ரிஷிகேசத்திலிருந்து பதரி வரை அடியார்கள் நடந்தே சென்றனர். வழிநெடுகச் சில மைலுக்கு ஒன்றாகச் 'சட்டி' எனப்படும் தங்கல்கள் இருந்தன. அங்குள்ள கடைக்காரரிடம் மாவும் அரிசியும் பருப்பும் வாங்கினால், சமைப்பதற்குப் பாத்திரம் இரவலாகக் கிடைக்கும். இரவு படுக்க இடமும் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கருங்கம்பளி போர்த்தியிருந்ததால் காலி கம்லிவாலா என்று அழைக்கப்பட்ட துறவி ஒருவர், இவ்வழியில் தர்மசாலைகள் அமைய ஏற்பாடு செய்தார். ஒரு நாளில் ஒரு மனிதனால் எவ்வளவு தூரம் நடக்க இயலும், எவ்வளவு சுமக்க இயலும் என்பதை நன்கு அறிந்து அமைத்த முறை இது. பாத்திரத்தைச் சுமக்க வேண்டாத யாத்திரிகர் பாதித் துன்பத்திலிருந்து விடுபட்டார் எனலாம்.

மலைவாழ் மக்களோ ஆண்டு முழுவதையுமே திட்டமிட்டு வாழ்ந்தனர். மானா, நீதி முதலிய எல்லைப்புறப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த போட்டியா மக்கள் கோடையில் மேல் ஊர்களில் பயிரிட்டு, ஆடுகளின் முதுகில் தானியமும் உப்பும் ஏற்றித் திபெத்துடன் வாணிபம் செய்தனர். குளிர் வருமுன் ஊரோடு பெயர்ந்து கீழ்ப்பள்ளத்தாக்குக்கு வந்துவிடுவர். பதரிநாதர் கோயிலும் ஐப்பசி கார்த்திகையில் நடை சாத்தி, வேனிலில் திறக்கிறது. குளிர்காலத்தில் சங்கராசாரியாரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கு இறங்கி வந்துவிடும். தெய்வ காரியமே மலையின் பஞ்சாங்கத்துக்கு இணங்கி நடக்கும்போது, மனிதரின் உல்லாசப் பயணம் அதனை மீறலாமோ?

சறுக்குக் கட்டை வந்த கதை

மரத்தாலான நீண்ட கட்டைகளைக் காலில் பூட்டிப் பனிமேல் செல்லும் கலையை ஸ்கீ என்பர். வட ஐரோப்பாவில் மிகப் பழமையான இக்கலை, 1931-ஆம் ஆண்டில் ஜோஷிமட் வழியே இமயத்தின் பேருயரம் ஒன்றுக்குச் சென்றது. அவ்வாண்டு பிராங்க் ஸ்மைத் என்பவரின் தலைமையில் ஆறு ஆங்கிலேயர், 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை அடையப் புறப்பட்டனர். அதற்கு முன் பலர் முயன்று தோற்ற சிகரம் அது. ஸ்மைத் குழுவினர் பெருங்கூட்டத்தைச் சேர்க்காமல், பருவமழை தொடங்குமுன் ஏறி முடிப்பதென நாளை வரையறுத்துக்கொண்டனர். ஜூன் 21-ஆம் நாள் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், ஷெர்ப்பா லேவா ஆகியோர் உச்சியை அடைந்தனர். இரண்டு நாள் கழித்து உச்சியை அடைந்த இரண்டாம் அணியில் கேசர் சிங் என்னும் மலைநாட்டவரும் இருந்தார். அதுவரை மனிதன் கால் வைத்த சிகரங்களுள் அதுவே உயர்ந்தது.

இவர்களுள் ஹோல்ட்ஸ்வொர்த் சறுக்குக் கட்டைகளை உடன் கொண்டு சென்று, ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரம் வரை அவற்றைப் பயன்படுத்தினார். அத்துணை உயரத்தில் அதற்கு முன் எவரும் சறுக்கியதில்லை. பின்னாளில் அவர் டேராடூனில் உள்ள டூன் பள்ளியில் ஆசிரியரானார். அப்பள்ளியில் ஆசிரியராயிருந்த குர்தயாள் சிங் 1951-இல், 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் சிகரத்தை அடைந்தார். இந்தியர் தலைமையில் நடந்த மலையேற்ற வரலாற்றில் அது ஒரு தொடக்கம்.

வெற்றியிலும் விலை உண்டு. உச்சியை அடைந்த லேவாவின் கால்கள் உறைபனியால் கொடிய காயமுற்றன. திட்டம் எவ்வளவு சிறந்தாலும், குளிர் தனக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. திரும்பும் வழியில் அக்குழுவினர் கண்டு வியந்த பள்ளத்தாக்கே இன்று மலர்ப் பள்ளத்தாக்கு என உலகறிய விளங்குகிறது.

ஐவர் சென்ற பயணம்

காமெட் ஏறிய ஷிப்டன் 1933-இல் எவரெஸ்டுக்குச் சென்ற பெருங்குழுவிலும் இருந்தார். மூட்டைகளும் ஆட்களும் பெருகப் பெருகப் பயணம் தாமதமாவதையும், மலையைப் பார்க்கும் மகிழ்ச்சி குறைவதையும் கண்டார். எனவே 1934-இல் பில் டில்மன் என்னும் நண்பரோடும், ஆங்தார்க்கே, பாசாங், குசாங் என்னும் மூன்று ஷெர்ப்பாக்களோடும் வேறு வகையான பயணத்தை மேற்கொண்டார். நந்தா தேவியைச் சூழ்ந்த மலை அரணுக்குள் அதுவரை எவரும் நுழைந்ததில்லை. ரிஷிகங்கை ஆறு பிளந்து வரும் இடுக்கு ஒன்றே அதற்கு வழி. பலர் முயன்று திரும்பிய அவ்விடுக்கின் வழியே இவ்வைவரும் உள்ளே சென்றனர். மொத்தச் செலவு முந்நூறு பவுனுக்கும் குறைவே.

அவர்கள் ராணிகேத்திலிருந்து நடந்து, ஔலிக்கு மேலே உள்ள குவாரி கணவாயைக் கடந்தே ஜோஷிமட்டுக்கு இறங்கினர். வைஸ்ராய் கர்சான் பெயரால் வழங்கிவரும் பாதை அது. மாவும் அரிசியும் நெய்யும் போன்ற நாட்டு உணவையே பெரிதும் நம்பினர். ஓர் உறையின் பின்புறத்தில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்குத் திட்டம் எளிதாயிருக்க வேண்டும் என்ற கருத்து இவ்விருவர் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இதனைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்வர். உறை சிறிதாயிருந்ததே ஒழிய, அதன் பின்னிருந்த சிந்தனை சிறிதன்று. முன் சென்றவர்களின் குறிப்புகளை அவர்கள் பயின்றிருந்தனர். மழைக்காலத்தில் இடுக்கை விட்டு வெளியேறி, மழை ஓய்ந்தபின் மீண்டும் நுழைவதெனக் காலத்தையும் வகுத்திருந்தனர்.

அத்தகையோருக்கும் கணக்குத் தப்பியது உண்டு. இடைப்பட்ட மழைக்காலத்தில் பதரிநாத்திலிருந்து கேதார்நாத் பக்கம் மலைமுகட்டைக் கடக்க முயன்றபோது, எண்ணியதைவிடப் பல நாள்கள் மிகுதியாயின. உணவு தீர்ந்தது. அடர்ந்த காட்டில் மூங்கில் குருத்தைத் தின்று உயிர் பிழைத்தனர். 1936-இல் டில்மனும் ஓடெலும் நந்தா தேவியின் 7,816 மீட்டர் உச்சியை அடைந்த பயணத்திலும் ஒரு செய்தி உண்டு. உச்சிக்குச் செல்வதாயிருந்த ஹூஸ்டன் கெட்டுப்போன டப்பா இறைச்சியை உண்டு நோயுற்றதால், அவருக்குப் பதிலாகவே டில்மன் சென்றார். மலையில் ஒரு டப்பா உணவும் ஒருவரின் விதியை மாற்றிவிடும்.

சறுக்குமேடை எழுந்தது

1962-ஆம் ஆண்டின் சீனப் போர் இப்பகுதியின் வாழ்வை மாற்றியது. திபெத் வாணிபம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இந்தோ-திபெத் எல்லைக் காவற்படை தோன்றியது. எல்லையை நோக்கிச் சாலைகள் விரைந்து எழுந்தன. பனியில் காவல் புரியும் வீரனுக்குச் சறுக்குக் கட்டை விளையாட்டுப் பொருளன்று, அவன் கால். ஆகவே அப்படையினர் 1973-இல் ஔலியில் மலையேற்றமும் சறுக்குப் பயிற்சியும் அளிக்கும் கழகத்தை நிறுவினர். வீரர் வந்த வழியே பின்னர் விளையாட்டு வீரரும் உல்லாசப் பயணிகளும் வந்தனர். 1990-களில் ஜோஷிமட்டையும் ஔலியையும் இணைத்து, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப்வே இயங்கத் தொடங்கியது. 2011 ஜனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் டேராடூனிலும் ஔலியிலும் நடைபெற்றன.

ஔலி சறுக்குவதற்கு ஏற்றதாயிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை உயரும் அச்சரிவு வடக்கு நோக்கியது. ஆதலின் குளிர்காலச் சூரியனின் வெம்மை அதன்மேல் நேராக விழுவதில்லை. மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் மேற்கே இருந்து வரும் காற்றுச் சுழல்களே இங்குப் பனி பொழியச் செய்கின்றன. அவை வலுவாக வரும் ஆண்டில் சரிவு முழுதும் வெள்ளைப் போர்வை போர்த்தும். வலுக் குன்றிய ஆண்டில் புல்லும் கல்லுமே தெரியும். பனி போதாமையால் ஔலியில் நடக்கவிருந்த போட்டிகள் கைவிடப்பட்டதும் உண்டு. 2023-இல் அவ்வாறே நேர்ந்தது.

கேளாத எச்சரிக்கை

இதுவரை கூறியவை தனி மனிதரின் திட்டங்கள். ஓர் ஊரே திட்டமிடத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் இம்மலைச்சரிவு கற்பித்துள்ளது.

1976-ஆம் ஆண்டில், கட்வால் ஆணையராயிருந்த மிஸ்ரா என்பவரின் தலைமையில் அரசு அமைத்த குழு ஜோஷிமட்டை ஆராய்ந்தது. ஊர் அடிப்பாறையின்மேல் நிற்கவில்லை, பண்டை நாளில் சரிந்து வந்த மணலும் கல்லும் குவிந்த மேட்டின்மேல் நிற்கிறது என்று அக்குழு கூறியது. பெருங்கட்டடங்களைக் கட்டுப்படுத்துக, வெடி வைக்காதீர், சரிவில் தாங்கி நிற்கும் பெரும்பாறைகளை அகற்றாதீர், மரங்களை வெட்டாதீர், கழிவுநீரும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்காவண்ணம் வடிகால் அமையுங்கள் என்று அறிவுறுத்தியது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1974 மார்ச் 26-ஆம் நாள், அருகிலுள்ள ரைணி சிற்றூரில் கௌரா தேவி என்னும் அம்மையாரும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காக்க வெட்டுவோர் எதிரே நின்றனர். படித்த அறிஞரும் படியாத தாய்மாரும் ஒரே உண்மையைச் சொன்னார்கள்.

ஊர் வளர்ந்தது, எச்சரிக்கை ஏட்டிலே இருந்தது. 2021 பிப்ரவரி 7-ஆம் நாள், மேலே ஒரு சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழ, ஷிப்டன் நுழைந்த அதே ரிஷிகங்கையில் பெருவெள்ளம் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்தனர். குடும்பங்கள் வீடு விட்டு முகாம்களுக்குச் சென்றன. ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. பனிக்கால வருவாயை நம்பியிருந்த கடைக்காரரும் கூலியாட்களும் வழிகாட்டிகளும் அடைந்த துன்பம் சொல்லில் அடங்காது.

ஆகவே, "நாம் போகலாமா?" என்னும் கேள்வி எழுவது இயல்பே. போகாதிருப்பது அம்மக்களின் பிழைப்பைக் கெடுக்கும். கூட்டமாய்ப் போய்க் குவிவது அம்மண்ணின் சுமையைக் கூட்டும். சிறு குழுவாகச் சென்று, சில நாள் தங்கி, உள்ளூர்க்காரர் வீடுகளிலும் கடைகளிலும் பணம் செலவிட்டு, குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவதே நடுவழி என்று தோன்றுகிறது. பண்டை யாத்திரிகர் சென்றதும் ஏறக்குறைய இவ்வாறே.

நமக்கு ஒரு திட்டம்

இவ்வரலாற்றின் துணைகொண்டு நம் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள் கூறலாம்.

முதலாவது, நாள். சறுக்க விரும்புவோர் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையும், நடக்க விரும்புவோர் பருவமழைக்கு முந்திய வேனிலையோ மழை ஓய்ந்த இலையுதிர் காலத்தையோ தேர்க. இரண்டையும் ஒரே பயணத்தில் முழுதும் அடைய முயல வேண்டாம். சறுக்க வருவோர், பாதை திறந்திருப்பின் ஔலிக்கு மேலுள்ள கோர்சோன் புல்வெளி வரை நடந்து திரும்பலாம். குவாரி கணவாய்ப் பயணம் பல நாள் நடையாதலின், அதற்கென வேறொரு பயணம் வகுப்பதே முறை. பனி விழுந்துள்ளதா, சாலை திறந்துள்ளதா, ரோப்வே இயங்குகிறதா என்பவற்றைப் புறப்படுமுன் உறுதி செய்க. ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். ஒரு பகலை முழுதும் அதற்கு ஒதுக்குக. இருட்டியபின் மலைச்சாலையில் வண்டி செலுத்துதல் தகாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் மிகுதியாக வைத்துக்கொள்க. மண் சரிந்து சாலை அடைபட்டால் அந்நாளே காப்பாற்றும்.

இரண்டாவது, உடல். ஜோஷிமட்டில் ஓரிரவேனும் தங்கிய பின்னரே மேலே செல்க. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மிகுந்தால், கீழே இறங்குவதே தலைசிறந்த மருந்து. இதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியோர் மருத்துவரைக் கேட்டே கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, உடை. தடித்த ஒரு மேலாடையினும் மெல்லிய பல அடுக்குகள் நன்று. சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம். நனைந்த பருத்தி உடலின் வெம்மையைத் திருடும்; கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரமன்று. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.

நான்காவது, சறுக்கு. கட்டையும் காலணியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டா. முதல் நாளில் கற்க வேண்டியவை இரண்டு: விழுவது, நிற்பது. கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் தணியும். இதனைப் பயிற்றுநரிடம் கற்றபின்னரே சரிவில் இறங்குக. புதுப்பனி பெய்த மறுநாள் செங்குத்தான சரிவுகளை நாடாதீர். பனிச்சரிவு நேர்வது பெரும்பாலும் அப்போதே.

ஐந்தாவது, திரும்புதல். நடை தொடங்குமுன், "இன்ன மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்" என்று முடிவு செய்து, அனைவரும் அறியச் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் முகில் விலகிச் சிகரம் தெரியும்போது, இன்னும் சிறிது தூரம் போகலாமே என்று மனம் இழுக்கும். அப்போது காலையில் எடுத்த முடிவே துணை. உள்ளூர் வழிகாட்டி "போதும்" என்றால் போதும். அவருடைய பாட்டனார் ஆடுகளோடு நடந்த பாதை அது.

குவாரி கணவாயில் நின்று நந்தா தேவி, துரோணகிரி, காமெட் முதலிய சிகரங்களை ஒருசேரக் கண்டவர்கள், அக்காட்சியை வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்திருப்பர். நம் பிள்ளைகளும் அதனைக் காண வேண்டும். காண்பதற்கு முன், அதன் அடியில் வாழும் மக்களின் கதையையும் ஒரு மாலைப் பொழுதில் அவர்களுக்குச் சொல்லுங்கள். மூட்டை கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு அதுவே.